ஃபைபர் டெக்னீஷியன் வேலை கற்றுக்கொள்வது எப்படி? நெல்லைச் சீமைக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தொலைத்தொடர்பு வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் எல்லோருக்கும் முதல் நாளே, கண்ணாடி இழைகளை உருக்கி ஒட்டும் ஸ்பிளைசிங் மெஷினைத் தொட்டுப் பார்க்க ஆசை. ஆனால் கற்கும் வரிசையில் அது நடுவில் வருகிறது. அதற்கு முன் கணக்கு, நிறம், பாதுகாப்பு, சுத்தம் என்று நான்கு படிகள் இருக்கின்றன. அவற்றைத் தாண்டிக் குதித்தவர்கள் ஆறு மாதம் கழித்தும் பழுதை ஊகித்துத்தான் தேடுகிறார்கள், அளந்து தேடுவதில்லை.

வீடுகளுக்கு ஃபைபர் இணைப்புக் கொடுக்கும் வேலையை மையமாக வைத்து இதை எழுதுகிறேன். திருநெல்வேலி, தென்காசி, வள்ளியூர், திசையன்விளை வட்டாரங்களில் புதியவருக்கு எளிதாகக் கிடைப்பது இந்த வேலைதான். டவர் வேலையைப் பற்றிப் பின்னால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

1. இறங்கும் முன் தேவையானவை

பத்தாம் வகுப்புக் கணக்கு போதும். மைனஸ் எண்களைக் கூட்டவும் கழிக்கவும் தயக்கமில்லாமல் வர வேண்டும். நாள் முழுவதும் பார்க்கப்போவது மைனஸ் எண்களைத்தான்.

நிறக்குருடு இருக்கிறதா என்று கண் மருத்துவரிடம் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். ஒரே குழாய்க்குள் பன்னிரண்டு நிற இழைகள் வரும். பழுப்பையும் பச்சையையும் பிரிக்க முடியாதவருக்கு ஜாயின்ட் வேலை பெரும் சிரமமாகிவிடும். அப்படி இருந்தால் வீட்டுக்குள் செய்யும் இணைப்பு, ரௌட்டர், நெட்வொர்க் பக்கம் போகலாம். அங்கும் நல்ல வேலை உண்டு.

இருசக்கர வாகன ஓட்டுநர் உரிமம் அவசியம். அம்பாசமுத்திரத்தில் ஒரு புகார், கல்லிடைக்குறிச்சியில் அடுத்தது என்று நாள் ஓடும்.

சொந்தமாக வாங்க வேண்டியவை ஸ்ட்ரிப்பர், கெவ்லார் கத்தரி, ஒளியை அளக்கும் பவர் மீட்டர், சிவப்பு ஒளி பேனா, 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், பஞ்சு உதிராத துடைப்புத்தாள். ஸ்பிளைசிங் மெஷினும், இழையில் பழுது எத்தனை மீட்டரில் என்று காட்டும் ஓடிடிஆரும் விலை அதிகம், நிறுவனம் தரும். கடன் வாங்கி மெஷின் வாங்குவதை முதல் ஆண்டில் யோசிக்கவே வேண்டாம்.

2. டெசிபல் கணக்கு

ஒளியின் அளவு டிபிஎம் என்ற அலகில் வரும். 1 மில்லிவாட் என்றால் 0 டிபிஎம். 3 டிபி (டெசிபல்) குறைந்தால் ஒளி பாதியாகிறது, 10 டிபி குறைந்தால் பத்தில் ஒரு பங்காகிறது. ஆகவே மைனஸ் 20 டிபிஎம் என்பது ஒரு மில்லிவாட்டில் நூறில் ஒரு பங்கு. இந்த மூன்று வரிகள் மனப்பாடமாக இருக்கட்டும்.

இனி ஒரு கணக்கு. அலுவலகத்தில் ஒளியை அனுப்பும் கருவியான ஓஎல்டியிலிருந்து பிளஸ் 3 டிபிஎம் புறப்படுகிறது. வழியில் ஒளியை எட்டாகப் பிரிக்கும் ஒரு 1:8 ஸ்பிளிட்டர், தெருமுனையில் இன்னொரு 1:8. ஒவ்வொன்றும் சுமார் 10.5 டிபி எடுத்துக்கொள்ளும், ஆக 21. இழையின் நீளம் 6 கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு 0.25 என்றால் 1.5. நான்கு கனெக்டருக்கு தலா 0.3 வீதம் 1.2. ஆறு ஸ்பிளைசுக்கு தலா 0.05 வீதம் 0.3. மொத்த இழப்பு 24 டிபி. வீட்டுக்கு வந்து சேர வேண்டியது மைனஸ் 21 டிபிஎம்.

ஒரே இழையின் ஒளியைப் பல வீடுகளுக்குப் பிரித்துத் தரும், பரவலாக உள்ள ஜிபான் முறையில், பி பிளஸ் வகைக் கருவிகளுக்கு அனுமதித்த இழப்பு 28 டிபி. வீட்டில் ஒளியை வாங்கும் கருவியான ஓஎன்டி மைனஸ் 8 முதல் மைனஸ் 27 வரை ஏற்கும். மைனஸ் 26.5 வந்தால் இன்று ஓடும். நாளை இழை சிறிது வளைந்தாலும் நின்றுவிடும். மைனஸ் 25-க்குக் கீழே போன இணைப்பை முடிந்தது என்று விட்டுவராதீர்கள்.

கணக்கை முதலில் போடுவதற்குக் காரணம் இருக்கிறது. மீட்டர் மைனஸ் 24 காட்டினால் நல்லதா கெட்டதா என்று மீட்டர் சொல்லாது. கணக்குப்படி மைனஸ் 21 வர வேண்டிய இடத்தில் மைனஸ் 24 வந்தால், இணைப்பு ஓடினாலும் எங்கோ 3 டிபி, அதாவது பாதி ஒளி, வீணாகிறது. புதியவர்கள் பெரும்பாலும் "நெட் வருகிறது, அண்ணே" என்று கிளம்பிவிடுவார்கள். மறு வாரம் அதே வீட்டிலிருந்து புகார் வரும்.

கிராமச் சாலைகளில் ஒரே கேபிளிலிருந்து ஊர் ஊராக ஒளியைப் பிரிக்க 90:10, 80:20, 70:30 என்று சமமற்ற கப்ளர்கள் போட்டிருப்பார்கள். 90:10 கப்ளரில் 90 சதவீத ஒளி போகும் பெரிய கால் சுமார் அரை டிபிதான் இழக்கும், சிறிய கால் 10 டிபிக்கு மேல் இழக்கும். கால் மாறி இணைத்தால் அந்த ஊருக்கு ஒளி பொங்கும், அடுத்த ஊர்கள் இருண்டுவிடும். இணைக்குமுன் இரு காலிலும் மீட்டர் வைத்துப் பாருங்கள், ஒட்டியிருக்கும் லேபிளை மட்டும் நம்பாதீர்கள்.

3. இழையும் நிறமும்

ஒற்றை முறை (சிங்கிள் மோட்) இழையில் ஒளி ஓடும் கரு சுமார் 9 மைக்ரான். அதைச் சுற்றிய கண்ணாடியோடு சேர்த்து 125, மேல் பூச்சோடு 250 மைக்ரான். கனெக்டரின் முகத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசி ஒளியை மறைக்கப் போதும் என்பது இந்த எண்களிலிருந்தே புரியும்.

நிற வரிசை: நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல், வெள்ளை, சிவப்பு, கருப்பு, மஞ்சள், ஊதா, ரோஸ், இளநீலம். உள்ளே இருக்கும் குழாய்களுக்கும் இதே வரிசைதான். இரண்டாம் குழாயின் மூன்றாம் இழை என்றால் ஆரஞ்சுக் குழாயில் பச்சை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டும். ஆனால் எல்லாத் தயாரிப்பாளரும் ஒரே வரிசையைப் பின்பற்றுவதில்லை. பழைய கேபிளைத் திறந்தால் உறையில் அச்சிட்டதையும் மறுமுனையையும் சரிபார்த்த பிறகே வெட்டுங்கள்.

வளைவிலும் வகை உண்டு. நெடுந்தூரக் கேபிளில் வரும் ஜி.652டி இழையை 30 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் குறைவாக வளைக்கக்கூடாது. வீட்டுக்குள் இழுக்கும் ஜி.657ஏ1 10 மில்லிமீட்டர் ஆரம் வரை தாங்கும், ஏ2 7.5 வரை. கதவிடுக்கில் நசுக்குவதற்கோ முடிச்சுப் போடுவதற்கோ இது அனுமதியில்லை.

4. பாதுகாப்பு

இதைக் கருவியைத் தொடும் முன்பே படியுங்கள். ஜிபான் ஒளி 1490, 1310 நானோமீட்டர்களில் ஓடுகிறது. கண்ணுக்கு அது தெரியாது, ஆனால் கண்ணுக்குத் தீங்கு செய்யக்கூடும். இழை முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்து "லைட் வருகிறதா" என்று பார்க்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். பார்க்க மீட்டர் இருக்கிறது.

வெட்டி விழும் கண்ணாடித் துண்டு தோலில் ஏறினால் எடுப்பது கடினம். துண்டுகளை மூடியுள்ள டப்பாவில் போடுங்கள், கறுப்பு விரிப்பின்மேல் வேலை செய்யுங்கள், அந்த விரிப்பின் பக்கத்தில் தேநீரோ பலகாரமோ வைக்காதீர்கள்.

மின்கம்பத்தில் அனுமதியில்லாமல் ஏறக்கூடாது. அனுமதி இருந்தாலும் கம்பத்தில் தொங்கும் எந்தக் கம்பியையும் மின்சாரம் இல்லாதது என்று எண்ணக்கூடாது. கம்பத்திலிருந்து வீட்டுக்கு இழுக்கும் டிராப் கேபிளைத் தாங்கும் எஃகுக் கம்பி மின்கம்பியில் உரசினால் அடுத்த வீட்டுக் கம்பி வரை மின்சாரம் பாயும். ஐப்பசி, கார்த்திகையில் இடி கேட்டவுடன் ஏணியிலிருந்து இறங்கிவிடுங்கள். வாடிக்கையாளர் அண்ணாச்சி எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி.

தோண்டும் வேலை என்றால், 2023 மார்ச்சில் மத்திய அரசு கொண்டுவந்த 'கால் பிஃபோர் யூ டிக்' செயலியில் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். குடிநீர்க் குழாயையும் அடுத்தவர் கேபிளையும் வெட்டிய பிறகு பேசுவதைவிட, தோண்டுமுன் ஊராட்சி அலுவலகத்தில் கேட்பது எளிது.

5. கனெக்டரைச் சுத்தம் செய்தல்

பச்சை நிறக் கனெக்டரின் முகம் 8 டிகிரி சாய்ந்திருக்கும். நீலம் நேராக இருக்கும். பச்சையை நீலத்தில் செருகினால் நுழையும், ஒளியும் கொஞ்சம் போகும். ஆனால் முகங்கள் முழுதாகப் பொருந்தாமல் இழப்பு கூடும், முகமும் கெடும். இந்தக் கலப்பை அடிக்கடி பார்க்கிறேன்.

ஒவ்வொரு முறை செருகும் முன்பும் துடைக்க வேண்டும். புதுப் பையிலிருந்து எடுத்ததாக இருந்தாலும் அப்படித்தான். திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத் தேரி மணல் மிக நுண்மையானது, மூடியைக் கழற்றிய நொடியில் ஒட்டிக்கொள்ளும். சட்டை நுனியால் துடைப்பதும் வாயால் ஊதுவதும் அழுக்கைக் கூட்டும்.

துடைத்து, அளந்து, பிறகு செருகுங்கள். அளக்குமுன் மீட்டரின் அலைநீளத்தை 1490-க்கு வையுங்கள். அதே இழையில் கேபிள் டிவி ஒளியும் 1550-இல் வந்தால் சாதாரண மீட்டர் இரண்டையும் கூட்டிக் காட்டி ஏமாற்றும். அங்கே இரண்டையும் பிரித்துக் காட்டும் பான் மீட்டர் வேண்டும்.

6. ஸ்பிளைசிங்

இப்போது மெஷினைத் திறக்கலாம். கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

முதலில், ஒட்டிய இடத்தைக் காக்கும் சிறு குழாயான ஸ்லீவை ஓர் இழையில் கோத்துவிடுங்கள். ஒட்டி முடித்த பிறகு ஸ்லீவ் நினைவுக்கு வந்தால், நல்ல ஸ்பிளைசை வெட்டிவிட்டு மீண்டும் தொடங்க வேண்டும். புதியவர்களிடம் நான் பார்க்கும் தவறுகளில் முதலிடம் இதற்குத்தான்.

அடுத்து உறையை நீக்கிக் குழாயினுள் இருக்கும் பசையை முழுதாகத் துடையுங்கள். மிச்சமிருக்கும் பசை மெஷினின் பள்ளத்தில் ஒட்டும், அதன்பின் வரும் எல்லா ஸ்பிளைசும் கெடும். 250 மைக்ரான் பூச்சை மூன்று நான்கு சென்டிமீட்டருக்கு ஒரே இழுப்பில் உரியுங்கள். விட்டுவிட்டு உரித்தால் கண்ணாடியில் கீறல் விழும். கீறல் விழுந்த இழை இன்று ஒட்டும், சில மாதங்களில் ஜாயின்ட் பெட்டிக்குள்ளேயே முறியும்.

ஆல்கஹாலில் நனைத்த தாளால் துடையுங்கள். சுத்தமானால் விரலிடுக்கில் கிறீச்சென்ற சத்தம் கேட்கும்.

பிறகு இழை முனையை நேராக வெட்டும் கருவியான கிளீவரில் வெட்டுங்கள். வெட்டுக்கோணம் 1 டிகிரிக்குள் இருக்க வேண்டும், அரை டிகிரிக்குள் வந்தால் இன்னும் நல்லது. வெட்டிய முனையை மறுபடி துடைக்கக்கூடாது, எதிலும் படவிடக்கூடாது. துடைப்பது வெட்டுவதற்கு முன் என்பதன் காரணம் இதுதான்: வெட்டியபின் துடைத்தால் முனை சிதையும், தாளின் துகளும் ஒட்டும். கோணம் தொடர்ந்து மோசமாக வந்தால் மெஷினைக் குறை சொல்லுமுன் கிளீவர் பிளேடைத் திருப்பி அடுத்த புள்ளிக்கு மாற்றிப் பாருங்கள்.

மெஷின் திரையில் மதிப்பீட்டு இழப்பு 0.05-க்குள் இருந்தால் ஏற்கலாம். 0.1-ஐத் தாண்டினால் வெட்டி மீண்டும் செய்யுங்கள். மெஷின் சொல்வது படத்தைப் பார்த்துப் போட்ட கணக்கு மட்டுமே. உண்மை இழப்பை மீட்டரோ ஓடிடிஆரோதான் சொல்லும்.

ஸ்லீவை ஸ்பிளைசுக்கு நடுவில் நகர்த்திச் சூடாக்குங்கள். சூடு ஆறும் முன் தட்டில் மடக்கி வைத்தால் வளைந்த நிலையிலேயே இறுகிவிடும்.

இடம் மாறினால், இழையை உருக்கும் மின்பொறியை இடத்துக்கேற்பச் சரிசெய்யும் ஆர்க் கலிப்ரேஷன் செய்யுங்கள். பாளையங்கோட்டை வெயிலில் சரியாக ஓடிய மெஷின், காற்று அடர்த்தி குறைந்த மாஞ்சோலை மலையிலோ சாரல் காலத் தென்காசியின் ஈரத்திலோ அதே ஆர்க்கில் சரியாக உருக்காது. ஆடி மாதம் பணகுடி, இராதாபுரம் பக்கம் காற்றாலை சுழற்றும் காற்று வீசும்போது திறந்த வெளியில் மெஷினை வைக்க வேண்டாம். வேனுக்குள்ளோ தார்ப்பாய் மறைவிலோ செய்யுங்கள். காற்றைவிட அது கொண்டுவரும் மணல்தான் பெரிய தொந்தரவு.

வெட்டி எறியப்போகும் இழைத் துண்டுகளைக் கேட்டு வாங்கி, நிழலில் உட்கார்ந்து பழகுங்கள். ஐம்பது ஸ்பிளைஸ் தொடர்ந்து 0.05-க்குள் வந்த பிறகே ஓடும் கேபிளில் கை வைக்க வேண்டும். ஓடும் கேபிளில் ஓர் இழை முறிந்தால் ஒரு தெரு முழுவதும் இருண்டுவிடும்.

7. பெட்டியை மூடுதல்

ஸ்பிளைஸ் நன்றாக இருந்தும் இணைப்பு கெடுவது பெரும்பாலும் இந்தப் படியில்தான். தட்டில் இழையைப் பெரிய வளையமாகச் சுற்றுங்கள், மூடியில் நசுங்குகிறதா என்று பாருங்கள். மூடிய பிறகு இன்னொரு முறை அளவெடுங்கள். மூடும்போது நசுங்கிய இழையை அந்த அளவு உடனே காட்டிக்கொடுக்கும்.

கேபிள் நுழையும் துளைகளை ரப்பரும் பசையும் வைத்து அடையுங்கள். மழை நுழையாத சந்துக்குள்ளும் எறும்பு நுழையும். உள்ளே மண்ணும் முட்டையுமாக நிரம்பிய பெட்டிகளைத் திறந்த எவரும் அதன்பின் அடைப்பில் அசட்டையாக இருப்பதில்லை. துளை கீழ்நோக்கி இருக்கும்படி தொங்கவிடுங்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தாமிரபரணி நெல்லை நகருக்குள் வந்தது. ஆற்றோரத் தெருக்களில் பெட்டியைக் குழிக்குள் வைக்க வேண்டாம், வெள்ளம் எட்டிய அளவைத் தெருக்காரர்களிடம் கேட்டு அதற்கு மேல் மாட்டுங்கள். உவரி, கூடங்குளம் கடற்கரையில் சாதாரண இரும்புக் கிளாம்ப் சீக்கிரம் துருப்பிடிக்கும், துருவேறா எஃகு கேளுங்கள்.

ஒவ்வொரு பெட்டியிலும் எந்த நிறம் எங்கே போகிறது என்று எழுதி உள்ளேயே வையுங்கள், அதன் படத்தைக் கைபேசியிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

8. வீட்டு இணைப்பு

டிராப் கேபிளின் எஃகுத் தாங்குகம்பியை வீட்டுச் சுவரிலேயே கட்டிவிட்டு, வெறும் இழைப் பகுதியை மட்டும் உள்ளே கொண்டுசெல்லுங்கள். எஃகு உள்ளே போனால் மின்னலும் உள்ளே போக வழியாகும். துளைக்குமுன் கேபிள் கீழே ஒரு வளைவு எடுத்து மேலேறட்டும், மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். துளையை வெளிப்பக்கம் சாய்வாகப் போடுங்கள்.

ரௌட்டர் வைக்கும் இடத்தை முடிவுசெய்த பிறகு துளையிடுங்கள். பலர் துளையை முதலில் போட்டுவிட்டு, கேபிள் எட்டும் இடத்தில் ரௌட்டரை வைக்கிறார்கள். அது பீரோவின் மேல் போய் உட்காரும், பின்கட்டில் வைஃபை வராது. பழைய வீடுகளின் தடித்த சுவரை 5 கிகாஹெர்ட்ஸ் எளிதில் தாண்டாது. நடுக்கூடத்தில் வைப்பதே சரி. 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 ஆகிய சேனல்களில் அக்கம்பக்கத்தில் நெரிசல் குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள்.

வேகத்தை முதலில் லேன் கேபிளில் சோதியுங்கள், பிறகு வைஃபையில். 300 எம்பிபிஎஸ் திட்டம் லேனில் 95-இல் நின்றால் பெரும்பாலும் எட்டுக் கம்பிகளில் ஏதோ ஒன்று தொடவில்லை. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு நான்கு கம்பி போதும், ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். வரிசை: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு. இரு முனையிலும் இதுவே. நீளம் 100 மீட்டரைத் தாண்டக்கூடாது.

9. பழுது தேடும் வரிசை

புகார் வந்தவுடன் ரௌட்டரை மாற்றுவதும் கனெக்டரை வெட்டி மறுபடி போடுவதும் வேண்டாம். மேலிருந்து கீழாக, ஒவ்வொரு படியிலும் ஒரு பதில் வாங்கிக்கொண்டு இறங்குங்கள்.

முதலில் பக்கத்து வீட்டில் வருகிறதா என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வி பழுது ஸ்பிளிட்டருக்கு முன்னா பின்னா என்று பிரித்துவிடும். தெரு முழுவதும் இல்லையென்றால் வீட்டுக்குள் ஏறவே வேண்டியதில்லை.

அடுத்து ஓஎன்டியின் விளக்குகள். 'லாஸ்' சிவப்பாகச் சிமிட்டினால் ஒளி இல்லை. அது அணைந்து 'பான்' நிலையாக எரிந்தால் ஒளியும் பதிவும் சரி. அப்போது இழையைத் தொடாதீர்கள், பயனர் பெயர், விலான் (இணையத் தடத்தின் எண்) அமைப்பு, கட்டண நிலுவை ஆகியவற்றைப் பாருங்கள். 'பான்' சிமிட்டிக்கொண்டே இருந்தால் ஒளி மிகக் குறைவாக இருக்கலாம், அல்லது அந்தக் கருவி ஓஎல்டியில் பதிவாகாமல் இருக்கலாம்.

ஒளி குறைவு என்றால் மீட்டரோடு வீட்டிலிருந்து ஸ்பிளிட்டர் நோக்கி நடங்கள். ஸ்பிளிட்டர் காலில் நல்ல அளவு, வீட்டில் மோசமான அளவு என்றால் பழுது டிராப் கேபிளில். சிவப்பு ஒளி பேனாவைச் செருகினால் முறிந்த இடமும் நசுங்கிய இடமும் சிவப்பாக ஒளிரும். பகல் வெயிலில் தெரியாது, குடையோ துணியோ மறைத்துப் பாருங்கள். பாபநாசம், குற்றாலம் பக்கம் குரங்கு தொங்கிய கேபிளையும், தென்னந்தோப்புகளில் அணில் கடித்ததையும் முதலில் சந்தேகியுங்கள்.

நீண்ட தூரத்துக்கு ஓடிடிஆர். ஓடும் இழையில் 1310, 1550-இல் ஓடிடிஆர் செருகக்கூடாது. எதிர்வரும் ஒளி கருவியின் உணரியைக் கெடுக்கும், வாடிக்கையாளர்களின் சேவையும் தடுமாறும். அதற்கு 1625 அல்லது 1650-இல் வடிகட்டியோடு வரும் வகை வேண்டும். ஓய்ந்த இழையில் 1310, 1550 இரண்டிலும் அளந்து ஒப்பிடுங்கள். 1550-இல் இழப்பு கூடுதலாகவும் 1310-இல் குறைவாகவும் இருந்தால் அது வளைவு. இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் மோசமான ஸ்பிளைஸ்.

ஓடிடிஆர் 2,340 மீட்டர் என்று காட்டியதும் பைக் மீட்டரைப் பார்த்து 2,340 மீட்டரில் போய்த் தோண்டுவார்கள், அங்கே ஒன்றும் இருக்காது. கம்பங்களில் சுற்றி வைத்த மிச்சக் கேபிளும் குழாய்க்குள் இழை சற்று நீளமாகக் கிடப்பதும் சாலைத் தூரத்தைக் கூட்டிக்காட்டும். அதனால்தான் பெட்டி வாரியாகக் குறிப்பு வேண்டும். 2,290-இல் தெரிந்த ஒரு ஜாயின்ட் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால், அதிலிருந்து 50 மீட்டரில் பழுது.

10. டவர் பக்கம் போக விரும்பினால்

அங்கே மின்சாரம் மைனஸ் 48 வோல்ட் நேர்திசை மின்சாரம் (டிசி), பிளஸ் முனை எர்த்தில் இருக்கும். கார் பேட்டரிப் பழக்கத்தில் மைனஸை எர்த் என்று நினைத்துக் கை வைப்பது ஆபத்து. ஸ்பேனரில் காப்பு டேப் சுற்றி, மோதிரமும் கைக்கடிகாரமும் கழற்றிவிட்டுத்தான் பேட்டரி அருகே போக வேண்டும். உயர வேலைப் பயிற்சிச் சான்று, முழு உடல் ஹார்னஸ், இரட்டைக் கொக்கி இல்லாமல் ஏறக் கூடாது. ஆன்டெனாவின் முகத்துக்கு முன்னால் போகுமுன் அந்த செக்டரை (அந்தத் திசைக்கு அலை அனுப்பும் பகுதியை) நிறுத்தச் சொல்லி உறுதிப்படுத்துங்கள்.

11. சான்றிதழும் வேலையும்

முறையாகப் படிக்க வாய்ப்புள்ளவர்கள் பேட்டையிலுள்ள அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். ஐடிஐயில் எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக், எலக்ட்ரீஷியன் இரண்டும் 2 ஆண்டுப் பிரிவுகள், இந்த வேலைக்கு நல்ல அடித்தளம். டெலிகாம் துறைத் திறன் கவுன்சிலின் குறுகிய காலப் பயிற்சிகளில் ஆப்டிகல் ஃபைபர் ஸ்பிளைசர், பிராட்பேண்ட் டெக்னீஷியன் போன்றவை உண்டு. தனியார் மையத்தில் பணம் கட்டுமுன் இரண்டு கேள்வி கேளுங்கள்: ஒரு மாணவருக்கு எத்தனை ஸ்பிளைஸ் செய்யக் கிடைக்கும், ஓடிடிஆரை மாணவர் கையில் கொடுப்பார்களா? பதில் மழுப்பலாக இருந்தால் வேறு இடம் பாருங்கள்.

சான்றிதழ் இல்லாமலும் நுழையலாம். உள்ளூர் கேபிள் ஆபரேட்டர்களிடமும் இணையச் சேவை ஒப்பந்ததாரர்களிடமும் உதவியாளராகச் சேருபவர்கள்தான் இங்கே அதிகம். அப்படிச் சேர்ந்தால் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, ஒவ்வொரு வேலைக்கும் தேதி, இடம், வேலைக்கு முன் இருந்த அளவு, பின் இருந்த அளவு, செய்தது என்ன என்று எழுதுங்கள். நேர்காணலில் அந்த நோட்டை நீட்டுபவரிடம் அதிகம் கேள்வி கேட்க வேண்டியிருக்காது.

கூலி பேசும்போதே ஹெல்மெட், ஹார்னஸ், ஏணி யார் தருவது, விபத்துக் காப்பீடும் இஎஸ்ஐயும் உண்டா, மழையில் நின்ற நாளுக்குச் சம்பளம் என்ன என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கூச்சப்பட வேண்டாம். முதல் முறை ஏணியில் கால் வைக்குமுன் இந்தக் காகிதம் கையில் இருக்க வேண்டும்.